கண்டக்டரம்மாவும் காணாமல் போன பள்ளமும்

இருபத்தெட்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே சம்பாதித்தவள் அவள். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் யாரும் அவளைக் கண்டக்டரம்மா என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அதே பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தவர்தான் அவள் புருஷன். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் அவள் விசிலுக்குக் கட்டுப்பட்டு வண்டியை எடுத்த மனுஷன், கல்யாணத்துக்குப் பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. தட்டில் சாப்பாடு விழுந்த பிறகும் ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். அவளும் "ம், போலாம்" என்பாள்.

ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததை மொத்தமாகக் கொண்டுபோய், அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் சரிவு நிலத்தில் கிணறு வெட்டினாள். டிக்கெட் கிழித்த கைக்கு மண்வெட்டி எதற்கு என்று சொந்தபந்தம் வாய்விட்டுச் சிரித்தது. நாற்பதாவது அடியில் தண்ணீர் பீறிட்டதும் அதே சொந்தபந்தம் பாத்திரம் எடுத்துக்கொண்டு ருசி பார்க்க வந்தது. மேட்டில் வீடு, வீட்டுக்குக் கீழே கிணறு, கிணற்றுக்குக் கீழே சரிவு முழுக்கக் காய்கறியும் சோளமும். நன்றாகத்தான் இருந்தது, அந்தப் பள்ளம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

சரிவின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி தொடங்கியது அது. ஒவ்வொரு மழைக்கும் மேலிருந்து பாய்கிற தண்ணீர் அதன் தலையில் விழுந்து, மண்ணை அரித்து, பள்ளத்தை ஓரடி ஓரடியாக மேட்டை நோக்கி ஏற்றியது. பள்ளத்தின் தலை இப்போது ஓர் ஆள் மார்பளவு ஆழம். மழைக்காலம் முடிந்ததும் தலை எங்கே வந்து நிற்கிறதோ அங்கே ஒரு கல்லை நட்டு, பெயின்டில் வருடத்தை எழுதி வைப்பாள். முதல் கல்லிலிருந்து கிணற்றுக்கு முப்பத்தொரு தப்படி. அடுத்தது இருபத்தாறு. அப்புறம் இருபது. போன மழைக்குப் பிறகு நட்ட கல்லிலிருந்து எண்ணினால் பதினொன்றுதான். ஐந்து, ஆறு, ஒன்பது என்று அதன் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. அடுத்த மழைக்குக் கிணற்றின் சுவரைத் தொட்டுவிடும். சுவர் சரிந்தால் கிணறு தூர்ந்துவிடும். கிணறு போனால் மூன்று ஏக்கரும் கட்டாந்தரை. இருபத்தெட்டு வருட உழைப்பு பள்ளத்தோடு போச்சு.

"இதுக்கெல்லாம் கவர்மென்ட்ல உதவி இருக்காமே" என்று டீக்கடையில் சொன்னார்கள். மாவு மில்லில் சொன்னார்கள். இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கே இருக்கிறது என்று ஒரு ஈ காக்காய்க்கும் தெரியவில்லை. வாயில்லாப்பூச்சியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இவள் பெட்டியைத் திறந்து, டெப்போவில் திருப்பிக் கொடுக்காமல் தங்கிவிட்ட, டிக்கெட் கணக்கு எழுதுகிற பழைய வேபில் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்குக் கிளம்பினாள்.

விவசாய அலுவலகத்தில், "இங்க விதையும் உரமும்தாம்மா, பள்ளமெல்லாம் பாசனத்துல கேளுங்க" என்றார்கள். பாசனத்தில், "உங்க பள்ளத்துல தண்ணி வருஷம் பூரா ஓடுதா? மழைக்கு மட்டும்தானா? அப்ப எங்களுது இல்ல" என்றார்கள். தோட்டக்கலையில் மரக்கன்று வேண்டுமானால் தருவதாகச் சொல்லி, பள்ளத்துக்குள் நட முடியுமா என்று விசாரித்தார்கள். வனத்துறைக் காவலாளி ஒருவர்தான் அவள் செருப்பு தேய்வதைப் பார்த்து மனமிரங்கி, "கருவூலத்துக்குப் பின்பக்கம் மாடியில மண்வளப் பாதுகாப்புன்னு ஒரு ஆபீஸ் இருக்கும்மா. போர்டு இருக்காது. வெள்ளையடிக்கும்போது கழட்டினாங்க, இப்ப கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்காங்க" என்று வழி சொன்னார்.

அந்தக் கதவையும் அதற்கு முட்டாக நின்ற போர்டையும் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. உள்ளே ஜன்னலுக்குப் பின்னால், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஓர் எழுத்தரம்மா இருந்தாள். நாளெல்லாம் யாரும் வராத ஜன்னல் போல. ஆளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகே வந்துவிட்டாள்.

"இருக்கும்மா. அரிப்புப் பள்ளத்துக்குன்னே திட்டம் இருக்கு. குறுக்கால கல்லணை, வரப்பு, வேர்ப்பிடிக்கிற புல்லு எல்லாம் போட்டுத் தருவோம். வர்ற மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் மூடிடும். அதுல வந்துட்டா மழைக்கு முன்னாடி வேலை முடிஞ்சிடும். விட்டுட்டா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் எனக்குக் கெணறு இருக்காது மேடம்."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, ஆய்வாளர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி அங்க ஒரு கல்லக்கூட நகர்த்தக் கூடாது. மேல் நிலத்துக்காரரும் கீழ் நிலத்துக்காரரும் சேர்ந்து எழுதினா முதல்ல எடுப்போம். ஆனா யாரும்மா சேர்ந்து வர்றாங்க?"

விண்ணப்பப் பாரம், நில வரைபடம், பட்டாவின் நகல், வங்கிப் புத்தகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம், ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு மதிய இடைவேளை. அத்தனையையும் அவள் வேபில் அட்டையில் பஸ் வழித்தடம் போலவே எழுதினாள். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு ஆள் இருக்கும், எது வெறுமனே சுற்றிவிட்டு வருகிற வண்டி என்று எல்லாம் அதில் இருந்தது. மூன்று வாரத்தில் ஏழு தடவை போய்வந்து, கடைசியில் ஆய்வாளர் வருகிற நாளையும் வாங்கிவிட்டாள். அவருக்கு இடம் தெரியாது என்றதால் தானே காலை பஸ்ஸில் போய்க் கையோடு கூட்டிவருவதாகச் சொன்னாள்.

எல்லாருக்கும் எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொல்லியே பழகியவள், ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. கல்லை நகர்த்தக் கூடாது என்பதைத்தான். தன் விசில் இல்லாமல் இந்த வீட்டில் எதுவும் நகராது என்ற நம்பிக்கை. நாத்தனாரை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

புருஷனின் அக்கா அவர்களோடுதான் இருந்தாள். சுத்தம் என்றால் அந்த அம்மாளுக்கு உயிர். தண்ணீர்க் குடத்தின் அடிப்பாகத்தைக்கூடத் துலக்குவாள், அதை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தும். அன்று காலை கண்டக்டரம்மா பஸ் ஏறியதும் அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏன்டா, ஆபீசர் வர்றாராமே. வர்றவரு கண்ணுல முதல்ல அந்தப் பள்ளம்தானே படும்? வாயப் பொளந்துகிட்டுக் கெடக்கு. மானம் போயிடும்டா."

"அவ வரட்டுமேக்கா..."

"அவ வந்தா என்ன, பாராட்டத்தான் போறா. கீழ்த்தோட்டத்துல டிராக்டர் கேட்டு வாங்கிட்டு வா."

மனுஷன் யோசித்தார். ஆனால் ஸ்டியரிங் பிடித்து நான்கு வருடமாகிறது. கேட்கப்போவது டிராக்டர். கால் தானாக நடந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஆய்வாளரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கிய கண்டக்டரம்மா, "இதோ, இந்தத் திருப்பத்துல பாருங்க சார்" என்று கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பள்ளத்தைக் காணோம். கிணற்றடியிலிருந்து சரிவின் அடி வரைக்கும் மண் நிரவி, தண்ணீர் தெளித்து, விளக்குமாறு போட்ட கோடு தெரியப் பெருக்கி வைத்திருந்தது. அவள் வருடம் எழுதி நட்ட கற்கள் நான்கும் சுண்ணாம்பு அடித்துப் பாதையோரம் வரிசையாக நின்றன. டிராக்டர் மேலே புருஷன் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்தபடி, "வாங்க சார், வாங்க" என்றாள்.

ஆய்வாளர் சின்ன வயசுக்காரர். முள் குத்தாமலிருக்கப் பேண்டைச் சாக்ஸுக்குள் திணித்திருந்தார். பாரத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மறுபடி பாரத்தைப் பார்த்தார்.

"பள்ளம் எங்கம்மா?"

"இங்கதான் சார் இருந்தது. சத்தியமா. மார்பளவு ஆழம். காலையில நான் பஸ் ஏறுறப்பகூட இருந்தது."

"போட்டோ ஏதாவது?"

வீட்டில் போட்டோ எடுக்கிற போன் ஒன்றுதான், அது புருஷனுடையது. அதில் முந்நூறு படம் இருந்தது. முந்நூறும் பஸ்.

"வேணும்னா இப்பவே மண்ணத் தோண்டி எடுத்துக் காட்டுறேன் சார்."

"நீங்களே தோண்டின பள்ளத்துக்குக் கவர்மென்ட் எப்படிம்மா உதவி தரும்? நான் என் கண்ணால பாத்ததத்தான் எழுத முடியும்."

 அந்த ஆளோடு சண்டை போடக் கண்டக்டரம்மாவால் முடியவில்லை. ஏனென்றால் அது அவளுடைய வசனம். பாஸ் வீட்டில் இருக்கிறது, நேற்றுத்தான் எடுத்தேன், வேண்டுமானால் எங்கப்பாவைக் கேளுங்கள் என்று கண்ணீர் விட்ட எத்தனை பேரிடம் அவள் சொல்லியிருப்பாள், "இருக்கலாம்மா, ஆனா கையில காட்டு, அப்பத்தான் நம்புவேன்" என்று. "நிலம் புதிதாக நிரவப்பட்டுள்ளது. அரிப்பு காணப்படவில்லை" என்று ஆய்வாளர் எழுதுவதை அவள் பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். நிரவிய அந்த மண் முதல் மழைக்கே கரைந்து ஓடும், போகிறபோது கிணற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அவர் வண்டி மறைந்ததும் அவள் கத்திய கத்தலில் கிணற்றடிப் புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. புருஷன் டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை.

"நீங்க என்ன பண்ணிட்டீங்கன்னு தெரியுதா அண்ணி? நோயாளிய டாக்டர் பாக்க வர்றப்ப நோயத் தொடைச்சு வச்சுட்டீங்களே!"

"நாலு பேரு வர்ற இடத்துல குப்பையும் குழியுமாவா காட்டுவாங்க? நீ சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அது சுருக்கென்று தைத்தது. சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்தான். நாத்தனார் உள்ளே போய், யாருமே பார்க்காத குடத்தின் அடியை அழுதுகொண்டே துலக்கினாள். இரண்டு நாள் அந்த வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பாவம், டிரைவர்தான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலி வந்து படுத்தார்.

வியாழக்கிழமை காலையில் அவள் கீழ்த்தோட்டத்துக்கு இறங்கினாள். மறுநாள் லிஸ்ட் மூடுகிற நாள். வேறு எதுவும் கையில் இல்லை என்பதால், டிராக்டர் கொடுத்த மனுஷனையாவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். கீழ்த்தோட்டத்துக்காரர் வேலிக்கு அந்தப்புறம் களை எடுத்துக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா வேலிக் கல்காலில் கையை ஊன்றிக்கொண்டு ஆரம்பிக்கப் பார்த்தாள். கை ஊன்றக் கல்லைத் தேடினால் அது அவள் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

திட்ட வந்ததை மறந்துவிட்டாள். வேலியோடு பார்வையை ஓடவிட்டாள். மேலே, பாதைப் பக்கம், கல்கால்கள் மார்பளவுக்கு நின்றன. கீழே இறங்க இறங்கக் குள்ளமாகி, அவள் பள்ளம் வந்து சேருகிற இடத்தில் ஒரு சாண்தான் தெரிந்தது. எல்லாம் ஒரே நாளில், ஒரே அளவில் அறுத்து வாங்கி நட்ட கற்கள். அப்பா காலத்தில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நட்டது. கயிறு பிடிக்க அவளும் நின்றாள்.

"அண்ணே, இந்தக் கல்லெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல, உள்ளதான் இருக்கு" என்று அவர் சிரித்தார். "உங்க மண்ணுதான் மூடிருச்சு. வருஷா வருஷம் வருது."

"இதுக்கு முன்னாடி இங்க என்ன மண்ணு?"

"கரிசல்தான். பாருங்களேன், அந்தப் பக்கமெல்லாம் கருப்பு. இங்க மட்டும் உங்க செம்மண்ணு."

கருப்பு மண் மேலே சிவப்பு மண்.  நாத்தனாரின் விளக்குமாறு மேலே பள்ளத்தைத்தான் மூடியிருந்தது. பள்ளத்திலிருந்து போன மண்ணை அவளால் மூட முடியவில்லை. அது இங்கே, அளவு கல்லோடு, அடையாள நிறத்தோடு, கையில் காட்டுகிற பாஸாகக் கிடக்கிறது.

ஆனால் கிடப்பது அடுத்தவன் தோட்டத்தில். விஷயத்தைச் சொன்னதும் கீழ்த்தோட்டத்துக்காரரின் சிரிப்பு காணாமல் போனது. "அதெல்லாம் வேண்டாம்மா. ஆபீசர் வந்து தோண்டுவாரு, இது உங்க மண்ணுன்னு எழுதுவாரு, நாளைக்கு நீங்க லாரி கொண்டுவந்து அள்ளிட்டுப் போவீங்க. என் கத்திரிக்கா இந்த மூலையிலதான் நல்லா காய்க்குது."

"அண்ணே, போன மண்ணத் திருப்பிக் கேக்க நான் என்ன பைத்தியமா? அது உங்களுக்கே இருக்கட்டும். இனிமே போகாம இருக்கணும், அவ்வளவுதான் எனக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன வருஷம் உங்க அடி மூலையில தண்ணி தேங்கி அரை ஏக்கரு அழுகிச்சே, ஏன்? வடிகால் எதனால அடைச்சுது? இதே மண்ணுதானே? கத்திரிக்காய மட்டும் பாக்குறீங்க, அழுகினத சொல்ல மாட்டேங்குறீங்க. மேலயும் கீழயும் சேர்ந்து எழுதினா முதல்ல எடுப்பாங்களாம். எனக்குக் கல்லணை, உங்களுக்கு வடிகால்."

அவர் களைக்கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அரை ஏக்கர் அவருக்கு உள்ளுக்குள் இருந்த காயம், வெளியே சொன்னதில்லை. "லாரி வராதுன்னு எழுதித் தருவீங்களா?" என்றார். அவள் வேபில் அட்டையில் செருகியிருந்த வெற்றுத் தாள் ஒன்றில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அவர் அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கூட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்தபோது கண்டக்டரம்மா போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒரு தடவை பார்த்து எழுதியதை மறுபடி பார்ப்பது வழக்கமில்லை என்று ஆய்வாளர் இழுத்தார்.

"கூட்டு மனுவுக்குப் புது ஆய்வு உண்டு சார்" என்று ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எழுத்தரம்மாவின் குரல் வந்தது. "விதியில இருக்கு. பக்கம் சொல்லட்டுமா?"

பக்கம் கேட்கவில்லை அவர். ஆனால் கையிலிருந்த வேறு வேலையை முடித்துக்கொண்டு அவர் கிளம்பும்போது மணி இரண்டரை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது மூன்றே கால். நாத்தனார் வாசலில் நின்றாள், கையில் எதுவும் இல்லாமல். விளக்குமாற்றைத் தானே பூட்டி வைத்து, சாவியைத் தம்பி கையில் கொடுத்திருந்தாள்.

கீழ்த்தோட்டத்துக்காரரே மண்வெட்டி பிடித்தார். ஒரு சாண் தெரிந்த கல்காலைச் சுற்றித் தோண்டத் தோண்ட, சிவப்பு மண் வரி வரியாக வந்தது, வருடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியும் அதற்குக் கீழே இருந்த வரியைவிடத் தடிமன். ஆய்வாளர் சாக்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் குழிக்குள் இறங்கினார். மூன்றரை அடியில் மண்வெட்டியின் சத்தம் மாறியது. சிவப்புக்கு அடியில் கத்தியால் கோடு போட்ட மாதிரி கருப்பு தொடங்கியது. அவர் டேப்பைப் பிடித்தார், மறுபடி பிடித்தார். பாதைப் பக்கத்துக் கல்லைப் போய் அளந்துவிட்டு வந்தார். சிவப்பு மண்ணில் ஒரு பிடி எடுத்து, கண்டக்டரம்மாவின் நிலத்து மண்ணோடு உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். 

"இவ்வளவு மண்ணா?" என்றார் கடைசியில். "இது மேல இருந்து வந்திருந்தா அங்க பள்ளம் இல்லாம இருக்கவே முடியாதும்மா."

"அதத்தான் சார் நான் சொன்னேன்!"

"சொன்னீங்க. இப்பத்தான் காட்டினீங்க" என்று சொல்லி, குழிக்குள் நின்றபடியே எழுதினார். நிமிர்ந்தபோது மணி நாலே கால். அலுவலகத்தில் பதிவேட்டில் ஏற்றினால்தான் செல்லும். அஞ்சு மணிக்கு ஜன்னல் மூடிவிடும்.

அந்தச் சவாரியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். நகரத்துக் கடைவீதியில் வண்டியும் ஆளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, ஆய்வாளர் ஹாரனை அமுக்கிப் பார்த்துக் கையைப் பிசைந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மா பர்ஸைத் திறந்து, சாவிக்கொத்தில் நான்கு வருடமாகச் சும்மா தொங்கிய விசிலை எடுத்தாள். ஒரு நீள விசில். வீதியே திரும்பிப் பார்த்தது. "ஓரம் போங்க! தள்ளுவண்டி, ஓரம்! பையப் பிடிச்சுக்கம்மா! வழி, வழி!" இருபத்தெட்டு வருடம் கூட்டத்தை உள்ளே தள்ளிய குரல் அது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. "ரைட், போலாம் சார்" என்றாள். அவர் போனார்.

நாலு ஐம்பத்தாறுக்கு எழுத்தரம்மா பதிவேட்டில் எண் போட்டாள். கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போய் அழுவார்களா என்று கேட்பவர்கள் ஒரு காரியத்துக்காவது அரசாங்க அலுவலகத்தில் ஏழு தடவை அலைந்து பார்க்கட்டும்.

ஐந்தாவது வாரத்தில் வேலை முடிந்தது. நிரவிய மண்ணை அள்ளி எடுத்துவிட்டு, பள்ளத்துக்குக் குறுக்கே ஆறு கல்லணை, சரிவை வெட்டி மூன்று வரப்பு, வரப்பு மேலே ஆழமாக வேர்விடுகிற புல், கீழ்த்தோட்டத்தில் தூர் எடுத்த வடிகால். கல் அடுக்குகிற இடத்தில் மேஸ்திரியை விட்டுவிட்டு நாத்தனாரை நிறுத்தினாள் கண்டக்டரம்மா. "அண்ணி, ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் நடுவுல விரல் நுழையக் கூடாது. உங்களத் தவிர யாராலயும் இதப் பாக்க முடியாது." நாத்தனார் பாத்திரம் அடுக்குகிற மாதிரி அடுக்க வைத்தாள். கோணலாக உட்கார்ந்த கல்லை ஆள் மாற்றி ஆள் மூன்று தரம் எடுக்கச் சொன்னாள். வேலை முடித்துப் பார்க்க வந்த ஆய்வாளர் கல்லணையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று அறிக்கையிலேயே எழுதினார். நாத்தனார் அந்த வாரம் தரையில் நடக்கவில்லை.

கடைசிக் கையெழுத்துக்கு அலுவலகம் போனபோது எழுத்தரம்மா அந்த வேபில் அட்டையைக் கேட்டாள். எந்த உதவிக்கு எந்த ஆபீஸ், எங்கே மாறணும், எந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்று கண்டக்டரம்மா எழுதியிருந்ததைப் பெரிதாக எழுதி வாசலில் மாட்டலாமா என்றாள். மாட்ட ஒரு பலகை வேண்டுமே என்று இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த போர்டை எடுத்துக் கழுவினார்கள். முன்பக்கத்தில் அலுவலகத்தின் பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குக் கீழே வழித்தடம். இப்போது அந்த மாடிப்படியில் ஆள் ஏறுகிறார்கள். எழுத்தரம்மாவுக்கு மதிய இடைவேளை கிடைப்பதில்லையாம், அதையும் சந்தோஷமாகத்தான் சொல்கிறாள்.

மழை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது. தூறல் கீறல் ஒன்றும் இல்லை, நேராகக் கொட்டல்தான். மூன்று பேரும் வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து பழைய பழக்கத்தில் பாய்ந்து வந்தது. முதல் வரப்பில் முட்டி நின்றது. அங்கிருந்து பரவி, இறங்கி, இரண்டாவதில் நின்றது. கல்லணைகளைத் தாண்டியபோது அது நடந்துதான் போனது, ஓடவில்லை. கண்டக்டரம்மா மழைக்குள் இறங்கி, கிணற்றிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தாள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. பள்ளத்தின் தலை இருந்த இடத்தில்தான் இருந்தது. கிணற்றுச் சுவரில் ஒரு கல் அசையவில்லை. அவள் அங்கேயே நின்று, நனைந்தபடி, சத்தமாகச் சிரித்தாள்.

மூன்று நாள் பெய்துவிட்டு ஓய்ந்தது மழை. நான்காம் நாள் காலையில் கீழ்த்தோட்டத்திலிருந்து குரல் கேட்டது. தண்ணீர் தேங்காமல் வடிந்துபோன அடி மூலையில் நின்றுகொண்டு, கீழ்த்தோட்டத்துக்காரர் இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினார்.

"கண்டக்டரம்மா! இந்தத் தடவ உங்க மண்ணு ஒரு கூடைகூட வரலையே!"

அவள் மேட்டின் ஓரத்துக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மாவட்டத் தலைநகர் வரைக்கும் கேட்கிற குரலில் பதில் சொன்னாள்.

"வராதுண்ணே! இருபது வருஷமா டிக்கெட் இல்லாமப் போயிட்டிருந்தது. இப்பத்தான் இறக்கி விட்டிருக்கேன்!"